ஒற்று

கல்மண்டபம் பக்கத்துக் கடையில்
முப்பது போஸ்டர் அடிக்கச் சொல்லியிருந்தோம்.
பசை காயும் முன்பே பார்த்துவிட்டேன்.
அமலோர்பவம்.

எண்பத்துமூன்று வருடம்
வல்லின றகரத்தோடு வாழ்ந்தவள்.
ரேஷன் கார்டில், பாங்க் பாஸ்புக்கில்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில்கூட
எழுதுபவர் கைப்பேனாவைப் பிடித்துக்கொண்டு
"அமல, உற்பவம். சேத்துச் சொல்லு பாப்போம்" என்று
வரிசையையே நிறுத்திவைத்தவள்.

"ஒரு எழுத்துதானே," என்றார் சித்தப்பா,
"யார் படிக்கப்போறாங்க?"

தம்பு செட்டித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில்
ஞானப்பூ அச்சகத்தில்
முப்பத்தொரு வருடம் படிப்பதுதான் வேலை அவளுக்கு.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
சீட்டுக் கம்பெனி விதிமுறைகள்,
சபை அறிக்கை, இரும்புக்கடை ரசீது,
தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல்.
வண்ணாரப்பேட்டை முழுக்க
கணவர் பெயர், வயது, கதவு எண்ணோடு
அவள் கண்ணாடிக்குக் கீழே நடந்துபோயிருக்கிறது.

கதை சொல்லத் தெரியாது.
கேட்டால் பிழைகள் சொல்வாள்.
"மருந்துக்கு வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்" என்று
ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை
அச்சாகி, வெட்டி, மடித்து,
மஞ்சள் தடவும்போது கண்ணில் பட்டதாம்.
பாதியில் சிரிப்பு வந்து
பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள்.
மீதிக் கதை காற்றாகத்தான் வரும்.

நல்லவள் என்று சொல்ல மாட்டேன்.
பத்தாவது படிக்கும்போது
நான் எழுதி ஒளித்த காதல் கடிதத்தைக் கண்டுபிடித்தாள்.
திட்டவில்லை.
ஏழு சந்திப்பிழை என்று மேலே எழுதி
கணக்குப் புத்தகத்திலேயே திரும்ப வைத்திருந்தாள்.

தாத்தாவைப் பற்றி ஒரே ஒருமுறை.
பம்பாயில் வேறொருத்தி வீட்டிலிருந்து
இன்லேண்ட் லெட்டர் வந்தது.
என்னை மண்ணித்துவிடு.
அந்த ண்ணைச் சுழித்து
ஓரத்தில் ன் போட்டு
அதையே உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினாளாம்.
"திருத்தின படி ஒண்ணு வரும்னு பாத்தேன்" என்றாள்,
வஞ்சிரத்தின் செதிலைச் சுரண்டிக்கொண்டே.
எத்தனை வருடம் பார்த்தாள் என்று
நான் கேட்கவில்லை.

கடைசி மாதம் கண்ணில் ஒன்றுமில்லை.
பேப்பரை நான்தான் உரக்கப் படிக்க வேண்டும்,
குறிகளையும் சேர்த்து.
நான் கமா என்பேன்.
காற்புள்ளி என்பாள்.
தங்கம் விலை, காற்புள்ளி, சவரனுக்கு...
தூங்கிவிட்டாள் என்று ஒரு வரியைத் தாண்டினால்
விரல் மட்டும் எழுந்து நிற்கும்.

காசிமேட்டுக் கல்லறையில்
மூன்று பிடி போடச் சொன்னார் ஃபாதர்.
ஈர மண். விரலிடுக்கில் ஒட்டியது.
தாத்தா சரியாகத்தான் எழுதினாரோ என்னவோ.
அவளிடம் சொன்னால் அடிப்பாள்.

அன்று ராத்திரி
சிவப்பு மார்க்கரோடு கிளம்பினேன்.
பனைமரத்தொட்டி, எம்.சி. ரோடு,
பால் பூத்தின் பக்கவாட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி.
ஒவ்வொன்றிலும் அந்த ர்-ஐ அடித்து
மேலே ற்.
போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி
என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்,
"சொந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.
இருபத்தேழு கிடைத்தன.
மற்ற மூன்றை மாடு தின்றிருக்கலாம்.

நான்காம் நாள்
ராயபுரம் ஸ்டேஷன் சுவரோரம் போனபோது
என் ற் அங்கேயே இருந்தது.
போஸ்டரின் அடியில்
"இப்படிக்கு குடும்பத்தார்" என்ற இடத்தில்
இரண்டு சொற்களுக்கும் நடுவே
சின்னதாக ஒரு கூரைக்குறி.
அதன் மேல், பழகிய கையெழுத்தில், க்.

நீல மை.
நான் நீலம் எடுத்துப் போகவில்லை.